லேத் கத்தினால், ஆடினால், நழுவினால்: கோளாறு எங்கே, கை எங்கே

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். லேத் என்பது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின். ஜாப்பில், அதாவது கடையும் துண்டில், கோளாறு தெரிந்ததும் லேத் ஓட்டும் டர்னரின் கை மெஷினை நிறுத்தும் லீவருக்குப் போகாது, நேரே ஜாப்புக்குத்தான் போகும். ஃபினிஷ் சொரசொரப்பா என்று விரலால் தடவிப் பார்ப்பார். டூல் சீவித் தள்ளும் உலோகச் சுருள் சிக்கினால் பிடித்து இழுப்பார். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு நிறுத்தி மறுபடி ஓட்டுகிற அரை நிமிஷம் நஷ்டமாகத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் லேத்தில் நின்றவன் நான், ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் ஓட்டினேன். என் வலது ஆள்காட்டி விரல் நகம் இன்றைக்கும் கோணலாக வளர்வது அதனால்தான். அந்தக் கதை கீழே வரும்.

லேத் கோளாறுக்கான வழிமுறைகளில் பெரும்பாலும் காரணமும் பரிகாரமும் மட்டும் இருக்கும். கோளாறைத் தேடும்போது கை எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நான் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அடிபடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

முதலில் ஒரு கணக்கு. 40 மி.மீ. ஷாஃப்ட் 500 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்று வையுங்கள். அதன் சுற்றளவு ஏறத்தாழ 126 மி.மீ., நொடிக்கு எட்டுச் சுற்றுக்கு மேல். ஒரு நூல் மாட்டினால் ஒரே நொடியில் ஒரு மீட்டர் சுற்றிக்கொள்ளும். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் உங்கள் கை ஒரு மீட்டர்கூட இல்லை. "சிக்கினா வெடுக்குன்னு இழுத்துக்குவேன்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அதனால் முழுக்கைச் சட்டை, லுங்கி, கையுறை, வாட்ச், காப்பு, கோயிலில் கட்டிவிட்ட கயிறு எதுவும் லேத் பக்கம் ஆகாது. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று புது ஹெல்பர் நினைப்பான். கையுறையின் ஒரு இழை ஜாவில் (ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் தாடையில்) மாட்டினால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். கண்ணாடி மட்டும் கட்டாயம். ஆயுத பூஜைக்குச் சக்கில் (ஜாக்கள் உள்ள, சுற்றுகிற பிடியில்) போட்ட மாலையை மறுநாள் எடுக்காமல் லீவரைத் தட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். பூ பறந்ததோடு போனது, வாழைநார் யார் கையிலும் மாட்டவில்லை.

கிர்ர்ர் என்று கத்துகிறது, ஜாப்பில் அலை விழுகிறது

இது சாட்டர், அதாவது வெட்டும்போது வரும் அதிர்வு. பத்துக்கு ஏழு தடவை காரணம் டூல் (வெட்டும் உளி) அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான். டூலின் உயரம் எவ்வளவோ அந்த அளவு, மிஞ்சினால் அதில் ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான் டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்ட்டை விட்டு வெளியே தெரியலாம். அடுத்தது ஜாப். டெயில்ஸ்டாக் சென்டர் (ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் கூர்முனை) கொடுக்காமல் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சக்கை விட்டு நீண்டிருந்தால் அது கத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். விட்டத்தைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளம் என்றால் சென்டர் மட்டும் போதாது, நடுவில் தாங்கும் ஸ்டெடியும் வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் கத்தினால் வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை) ஒரு படி ஏற்றினாலும் பல தடவை சத்தம் அடங்கும். சாட்டர் வந்தால் ஃபீடைக் குறைப்பதுதான் பலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் டூல் வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கும், சத்தம் இன்னும் கூடும்.

இதற்கும் மசியவில்லை என்றால் மெஷினை நிறுத்துங்கள். டூல் போஸ்ட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் டூலை நகர்த்தும் கிராஸ் ஸ்லைடிலோ காம்பவுண்டிலோ கிப் (ஆட்டம் இல்லாமல் இறுக்கும் பட்டை) தளர்ந்திருக்கிறது. ஓட்டத்தில் இருக்கும்போது போஸ்ட்டை அமுக்கிப் பிடித்து, "புடிச்சா நிக்குது பாருங்ணா" என்று சோதிக்கிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அந்தக் கைக்கும் சுற்றுகிற ஜாவுக்கும் நடுவே நான்கு விரல் இடம்கூட இருக்காது. சாட்டரைச் சகித்துக்கொண்டு கட் முடிப்பதும் வேண்டாம். அந்த அதிர்வில் டூல் போஸ்ட் போல்ட்டும் சக்கின் பிடியும் தளரும்.

சுருள் அறுபடாமல் ரிப்பன் மாதிரி வருகிறது

எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்), எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கடைபவர்களுக்குத் தினமும் உள்ளது. காஸ்ட் அயர்ன் தூளாகக் கொட்டிவிடும், அதில் இந்தத் தொல்லை கிடையாது. ஃபீட் குறைவாகவும் கட் மெல்லியதாகவும் இருந்தால் சுருள் அறுபடாது. ஃபீடைக் கூட்டுங்கள். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் என்றால் முனைக்குப் பின்னால் சின்னப் பள்ளம் ஒன்றைக் கிரைண்டரில் போட்டால் சுருள் அதில் இடித்து மடங்கி உடையும். கார்பைட் என்றால் சிப் பிரேக்கர் (சுருளை உடைக்கும் பள்ளம்) உள்ள இன்சர்ட் (மாற்றிப் போடும் முனை) வாங்குங்கள். கையால் ஃபீட் கொடுத்தால் அவ்வப்போது ஒரு நொடி நிறுத்தி மறுபடி கொடுங்கள், அதிலும் அறுபடும்.

அந்தச் சுருளைப் பார்க்கும்போது கம்பி மாதிரி தெரியும், உண்மையில் அது இரண்டு பக்கமும் பிளேடு. அதைவிட மோசம், அதன் மறுமுனை சக்கில் மாட்டிவிட்டால் மொத்தச் சுருளும் சாட்டை போலச் சுழலும். கை அதில் இருந்தால் எலும்பு வரைக்கும் அறுத்துவிடும். ஸ்பிண்டிலை (சக்கைச் சுழற்றும் தண்டை) நிறுத்திவிட்டு, நீளக் கைப்பிடி உள்ள கொக்கியால்தான் எடுக்க வேண்டும். கொக்கியைப் பட்டறையிலேயே கம்பி வளைத்துச் செய்யும்போது பிடிக்கிற முனையில் மோதிரம் போல வளையம் வைக்காதீர்கள். கொக்கி சிக்கி இழுத்தால் விரல் வளையத்துக்குள் மாட்டிக்கொள்ளும். நேரான கைப்பிடி என்றால் கையை விட்டு நழுவிப் போய்விடும்.

சுருள் நீலமாக வந்தால் என்ன என்று கேட்பார்கள். கார்பைடில் நீலம் சகஜம். எச்.எஸ்.எஸ். பிட்டில் நீலம் வந்தால் வேகம் அதிகம், டூல் முனை போய்க்கொண்டிருக்கிறது. எம்.எஸ்.ஸுக்கு எச்.எஸ்.எஸ். பிட்டில் நிமிஷத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 25-ஐ 1000-ஆல் பெருக்கி, சுற்றளவு மி.மீ.யால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும். 50 மி.மீ. ஜாப்புக்கு 160 சுமார். விட்டம் பாதியானால் வேகம் இரட்டிப்பு.

ஜாப் சக்கில் நழுவுகிறது

ஜா பிடித்த இடத்தில் சுற்றுவட்டமாகக் கோடு விழுந்திருந்தால் ஜாப் உள்ளே வழுக்கிச் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். கட் நடுவே ஸ்பிண்டில் சுற்ற, ஜாப் மட்டும் நின்றாலும் இதுதான். அடுத்த கட்டில் அது வெளியே வரப் பார்க்கும். உடனே நிறுத்துங்கள்.

பிடிக்கும் நீளம் போதாதது முதல் காரணம். ஜாப்பின் மேல் ஆயில், செதிள், பெயின்ட் இருப்பது இரண்டாவது. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: மூன்று ஜாவும் வரிசை மாறி மாட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஜாவிலும் 1, 2, 3 என்று குத்தியிருக்கும், சக்கின் காடியிலும் அதே எண் இருக்கும். வரிசை மாறினால் மூன்றும் மையத்தில் சேராது, இரண்டு ஜாதான் ஜாப்பைப் பிடித்திருக்கும். பெரிய விட்டத்துக்காக ஜாவை வெகுதூரம் வெளியே தள்ளுவதும் ஆபத்து. பாதி ஜா சக்கைத் தாண்டித் தெரிந்தால் உள்ளே ஸ்க்ரோலில் (ஜாவை நகர்த்தும் சுருள் காடியில்) ஓரிரு பல் மட்டுமே கடித்திருக்கும். ஜாவைத் திருப்பிப் போடுங்கள், இல்லை பெரிய சக்குக்குப் போங்கள்.

இறுக்கம் போதவில்லை என்று சக் கீயில் (ஜாவை இறுக்கும் சாவியில்) பைப் சொருகி முறுக்காதீர்கள். இன்றைக்குப் பிடிக்கும், ஸ்க்ரோல் பல் தேய்ந்து நாளைக்கு அடுத்தவர் முகத்தில் ஜாப் வரும்.

சக் கீ பற்றி ஒரே விதி: கை கீயை விட்டால் கீ சக்கில் இருக்கக் கூடாது. ஸ்ப்ரிங் வைத்த கீ தானாக வெளியே தள்ளிவிடும், வாங்கிப் போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். இரண்டு நாள் "இது என்னடா தொல்லை" என்று ஸ்ப்ரிங்கைக் கழற்றத் தோன்றும். கழற்றாதீர்கள்.

பின்னாலிருந்து விசில் சத்தம்

ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் உட்கார்ந்திருக்கும் பெட்டி) வழியாக நீளக் கம்பி விட்டு வேலை செய்யும்போது, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி மெல்ல ஊதும். பிறகு கடகட என்று ஸ்பிண்டில் துளையில் அடிக்கும். அதற்கப்புறம் எச்சரிக்கை எதுவும் வராது. கம்பி சட்டென்று வளைந்து, அதே வேகத்தில் தடி போலச் சுழலும். கம்பி எவ்வளவு மெலிசோ, வெளியே எவ்வளவு நீளமோ, அவ்வளவு குறைந்த வேகத்திலேயே இது நடக்கும். டர்னர் முன்பக்கம் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுவார். அடி வாங்குவது பின்னால் டீ கிளாஸோடு நடந்து போனவர்.

1948-இல் தொழிற்சாலைகள் சட்டம் எழுதியவர்களுக்கே இது தெரிந்திருந்தது. கட்டாயம் வேலி போட வேண்டியவற்றைச் சொன்ன அதன் 21-ஆவது பிரிவில், லேத் ஹெட்ஸ்டாக்கைத் தாண்டி நீளும் கம்பியைத் தனியாகவே பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். இருந்தும் எத்தனை பட்டறையில் பின்பக்கம் பைப் ஸ்டாண்டு பார்த்திருக்கிறீர்கள்? சத்தம் கேட்டால் பின்னால் போய் எட்டிப் பார்க்காதீர்கள். முன்பக்கமிருந்தே நிறுத்துங்கள். கம்பியை வெளியே நீளாத அளவுக்கு அறுத்துப் போடுங்கள். நீளமாகத்தான் ஓட்ட வேண்டும் என்றால் கம்பி முழுவதும் உள்ளே அடங்கும் பைப்பை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

மெஷினே நடுங்குகிறது

நாலு ஜா சக்கிலோ ஃபேஸ் பிளேட்டிலோ (ஜாப்பை போல்ட் போட்டுப் பிடிக்கும் தட்டிலோ) கோணலான காஸ்டிங் மாட்டினால் ஒரு பக்கம் கனம் கூடும். எதிர்ப் பக்கம் எடை கட்டிச் சமன் செய்யுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கையால் சுற்றிவிட்டால் எந்த நிலையிலும் நிற்க வேண்டும், கனமான பக்கம் தானாகக் கீழே வரக் கூடாது. லீவரைத் தட்டும் முன் ஒரு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். ஜாவோ போல்ட்டோ டூல் போஸ்ட்டில் இடிக்குமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். எப்போதும் குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, சக்குக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

சென்டர் சூடாகிறது, புகைகிறது

டெட் சென்டரில் (ஜாப்போடு சுற்றாத சென்டரில்) கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது டெயில்ஸ்டாக்கை அதிகம் இறுக்கியிருப்பீர்கள். ரிவால்விங் சென்டர் போட்டவர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைப்பார்கள். ஆனால் எந்தச் சென்டர் போட்டாலும் ஜாப் சூடேறினால் நீளும். அரை மீட்டர் எஃகு ஷாஃப்ட் 40 டிகிரி சூடேறினால் கால் மி.மீ. அளவுக்கு நீண்டுவிடும். இரண்டு முனையும் கட்டிப்போட்டிருப்பதால் நீளம் போக வழியில்லாமல் நடுவில் வில்லாக வளையும், சென்டர் துளை தீய்ந்து ஜாப் எகிறவும் செய்யும். நாலு கட்டுக்கு ஒரு தடவை நிறுத்தி, டெயில்ஸ்டாக்கைத் தளர்த்தி மறுபடி அளவாக இறுக்குங்கள்.

ஃபினிஷ் சரியில்லை, எமரி போட்டால் போதும்

நகம் போன கதை இதுதான். அப்போது நான் வேலை பார்த்த பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் நூற்றுக்கணக்கில் ஓடும். பேரிங் உட்காரும் இடம் கொஞ்சம் சொரசொரப்பாக வந்தது. எமரித் துணியை (தேய்த்து மெருகேற்றும் சொரசொரப்பான துணியை)த் துண்டாகக் கிழித்து, ஷாஃப்டைச் சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் விரல்களில் சுற்றிப் பிடித்தேன். எல்லோரும் அப்படித்தான் பிடித்தார்கள். சூடேறிய எமரியின் ஒரு முனை இன்னொரு முனை மேல் ஏறி ஒட்டிக்கொண்டது. அடுத்தது எனக்கு ஞாபகமில்லை. பக்கத்து மெஷின் அண்ணன் மெயினை இறக்கியிருக்கிறார். விரல் தப்பித்தது, நகம் வேரோடு போனது.

பனியன் வேஸ்ட்டும் அதே ஜாதி. திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் நமக்கு எங்கே பார்த்தாலும் பனியன் வேஸ்ட்தான். கை துடைக்க அருமையான துணி. அது பின்னல் துணி என்பதால் ஒரு கண்ணி மாட்டினாலே பிரிந்து நீளும், நீங்கள் கையை விடுவதற்குள் கையையும் சேர்த்துச் சுற்றிவிடும். சுற்றுகிற ஜாப்பை எந்தத் துணியாலும் துடைக்காதீர்கள். ஜாப்பின் துளைக்கு (போர்) உள்ளே துணி சுற்றிய விரலை விட்டுத் துடைப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசையும்.

ஃபினிஷ் கெட்டதற்கு மருந்து எமரி இல்லை. டூலைத் தீட்டி, முனையில் சின்ன ரேடியஸ் கொடுத்து, சென்டர் ஹைட் (டூல் முனை ஜாப்பின் மைய உயரத்தில் நிற்கிறதா என்று) பார்த்து, ஃபீடைக் குறைத்துக் கடைசி கட்டை ஓட்டுங்கள். எமரி போட்டே தீர வேண்டும் என்றால் எமரி ஒட்டிய மரச்சட்டத்தை வைத்துத் தேயுங்கள். அரம் போடுவது என்றால் கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடாதீர்கள், இடது கையால் பிடியைப் பிடியுங்கள். வலது கைக்காரர்களுக்கு ஒரு வாரம் சிரமம்தான். ஆனால் முழங்கை சுற்றுகிற சக்குக்கு மேலே நீண்டு கிடக்காது.

பார்ட்டிங் டூல் கடித்துக்கொள்கிறது

பார்ட்டிங் என்பது ஜாப்பை அறுத்துத் துண்டாக்குவது. டூல் சென்டருக்கு மேலே நின்றால் தேய்க்கும். ரொம்பக் கீழே இருந்தால் ஜாப் டூலின் மேல் ஏறும். சரியான உயரத்தில், சக்குக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில், வேகத்தைக் குறைத்து, ஆயில் விட்டு, நிற்காத ஃபீடில் வெட்டுங்கள். இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்த ஜாப்பை ஒருபோதும் பார்ட்டிங் செய்யாதீர்கள். வெட்டி முடிகிற நேரத்தில் இரண்டு துண்டும் மடங்கி டூலைக் கவ்வும். விழப்போகும் துண்டைக் கையில் ஏந்துவதும் வேண்டாம், கீழே விழட்டும்.

பிராஸில் எம்.எஸ்.ஸுக்குத் தீட்டிய டூலை அப்படியே போட்டால் அது தானாகவே ஜாப்புக்குள் இழுபடும். ரேக் (டூலின் மேல்முகச் சரிவு) இல்லாமல் தட்டையாகத் தீட்டுங்கள். பிராஸ் துகள் ஊசி போலப் பறக்கும், கண்ணாடி போடாதவர்களுக்குக் கண் டாக்டரிடம் வேலை வரும்.

ரிவர்ஸ் போட்டால் சக் தளர்கிறது

மரை வைத்த ஸ்பிண்டில் உள்ள பழைய மெஷின்களில் மட்டும். வேகத்தில் ரிவர்ஸ் தட்டினால் சக் மரை கழன்று வெளியே வரும். முழுதாக நிற்க விட்டு, குறைந்த வேகத்தில் மட்டுமே ரிவர்ஸ். சக்கைக் கழற்றும்போது பெட் (மெஷினின் அடிச்சட்டம்) மேல் பலகை போடுங்கள். 200 மி.மீ. சக் ஏறத்தாழ 15 கிலோ கனம், நடுவில் உங்கள் விரல் இருந்தால் பெட்டுக்கு ஒன்றும் ஆகாது.

கியர் லீவர் விழவில்லை என்றால் நிறுத்திவிட்டு, சக்கைக் கையால் லேசாகத் திருப்பிக்கொண்டே லீவரைப் போடுங்கள். ஓட்டத்தில் போட்டால் பல் போகும்.

சக் நின்ற மாதிரி தெரிகிறது

கண் கோளாறு இல்லை. சோக் வைத்த பழைய டியூப் லைட் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். மூன்று ஜா சக் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நொடிக்குச் சரியாக 100 ஜா கண் முன்னால் கடக்கும். இரண்டும் ஒத்துப்போய், சக் அசையாமல் நிற்பது போலத் தெரியும். வேகம் கொஞ்சம் மாறினால் மெல்ல ஊர்வது போல இருக்கும். பக்கத்தில் நாலு மெஷின் ஓடும் சத்தத்தில் காதும் காட்டிக்கொடுக்காது. மெஷினுக்கு மேலே மினுக்காத தனி விளக்கு ஒன்று போடுங்கள்.

கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடுகிறது

கரண்ட் போனதும் எல்லோரும் டீக்குப் போவோம். சில பேர் "இதுதான் நேரம்" என்று ஜாப்பை அளக்க உட்காருவார்கள். டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை ஓட்டும் பட்டன் பெட்டி) இருந்தால் கரண்ட் போனதும் விழுந்துவிடும், மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தாமல் ஓடாது. வெறும் ரிவர்ஸ்-ஃபார்வர்டு சுவிட்ச் மட்டும் வைத்து ஓட்டும் மெஷினில் சுவிட்ச் போட்ட நிலையிலேயே இருக்கும். கரண்ட் வந்த நொடியில் சக் சுற்றும், அப்போது அளக்கிற வெர்னியரும் கையும் அங்கேதான் இருக்கும். ஸ்டார்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை நடுவில் கொண்டுவருவது.

மோட்டார் ஊம் என்று உறுமி ஓடாமல் நின்றால் ஒரு ஃபேஸ் இல்லை. சக்கைக் கையால் சுற்றிவிட்டு ஓட வைக்காதீர்கள், ஓடினால் கையோடுதான் ஓடும். மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் எர்த் போயிருக்கிறது. கூலண்ட் நனைந்த கையால் இன்னொரு தடவை தொட்டுச் சோதிக்க வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கை சிக்கிவிட்டது

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பணிமனையில் இரவில் தனியாக லேத் ஓட்டிய மாணவி ஒருவர் தலைமுடி சிக்கி இறந்தார். சிக்கியவர் கைக்குப் பல நேரம் சுவிட்ச் எட்டாது, இன்னொரு ஆள் வேண்டும். இரவு ஷிப்டில் தனி ஆளாக ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தலைமுடியை வலைக்குள் அடக்காமல் லேத் பக்கம் வராதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது சிவப்புப் பட்டனோ மெயினோ, ஆளைப் பிடித்து இழுப்பது இல்லை. பதட்டத்தில் ரிவர்ஸ் தட்டாதீர்கள், சிக்கியதை அது இரண்டாம் தடவை முறுக்கும். நின்ற பிறகு சட்டையை வெட்டுங்கள், கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கைக் கையால் மெல்லத் திருப்பி விடுவியுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். விரல் துண்டாகியிருந்தால் சுருள் விழும் தட்டில் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, பட்டால் திசு செத்துவிடும், தைக்க முடியாது.